உங்கள் காசு யாருடைய கையில்?



உங்கள் வீட்டுக் காசு இப்போது எங்கே இருக்கிறது?

அலுமாரியில் மடித்து அடுக்கிய சேலைகளுக்கு அடியிலா? அடுப்படியில் மல்லித்தூள் போத்தலுக்குப் பின்னாலா? வங்கிப் புத்தகத்திலா? கையில் காப்பாகவும் கழுத்தில் மாலையாகவுமா? இல்லை, மகனுடைய கைத்தொலைபேசிக்குள்ளா?

இதற்கு உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். இன்னொரு கேள்வி இருக்கிறது. இன்று அஸருக்குள் உங்களுக்கு ஐயாயிரம் ரூபா தேவைப்படுகிறது. அது உங்கள் சொந்தக் காசு. யாரையும் கெஞ்சாமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், அதை உங்கள் கையாலேயே எடுக்க முடியுமா?

முடியும் என்றால் அல்ஹம்துலில்லாஹ். “அவர் வந்தால் எடுத்துத் தருவார்”, “மகன் வந்தால் எடுத்துத் தருவான்” என்று சொல்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரையை இறுதிவரை படியுங்கள். இது உங்களுக்காகத்தான்.

வங்கி நம்மை விட்டுத் தூரம் போய்க்கொண்டிருக்கிற காலம் இது. சில நாடுகளில் கிளைகளை வரிசையாக மூடுகிறார்கள். சில ஊர்களுக்குக் கிளையே வந்ததில்லை. வேறு சில இடங்களில் கட்டடம் இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது. ஆனால் “இதற்கெல்லாம் இங்கே வரவேண்டாம், போனிலேயே செய்துகொள்ளுங்கள்” என்கிறார்கள். மூன்றிலும் முதலில் தவிப்பவர்கள் முதியவர்களும் பெண்களும்தான். எப்படி என்பதை ஒரு சின்ன ஊரிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

மண்கும்பானிலிருந்து ஒரு பயணம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்து போனால் முதலில் மண்டைதீவுச் சந்தி வரும். பிறகு அல்லைப்பிட்டி. அதற்கடுத்த ஊர் மண்கும்பான். பெயருக்கேற்ற மணல். பனை மரங்கள். ஒரு பள்ளிவாசல். சுற்றிலும் உப்புக்கடல் இருந்தும், மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர்! மண்கும்பானும் பக்கத்துச் சாட்டியும் வரண்ட தீவுகளுக்குக் குடிதண்ணீர் கொடுத்த இடங்கள்.

தண்ணீருக்கு வெளியூர் போகாத ஊர், காசுக்கு வெளியூர் போகிறது. வங்கிக் காரியம் என்றால் வேலணைக்குப் போகவேண்டும், ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டும், அல்லது பண்ணைப் பாலம் தாண்டி நகரத்துக்குப் போகவேண்டும்.

வயதான ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். காலைச் சமையலை முடித்து, பேரப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கிறார். வங்கியில் வரிசை. படிவம் நிரப்பத் தெரியாது, யாரையாவது கேட்கவேண்டும். கையெழுத்து முன்பு வைத்ததைப் போல் இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்புவார்கள். காசை வாங்கி, முந்தானையில் முடிந்து, திரும்பவும் பஸ்ஸுக்கு நின்று வீடு வந்து சேர லுஹர் தாண்டிவிடும். ஆயிரம் ரூபா எடுக்க அரை நாளும் பஸ் காசும் போய்விட்டன.

இவருக்காவது தரைவழி இருக்கிறது. நயினாதீவுக்காரரும் நெடுந்தீவுக்காரரும் குறிகட்டுவானுக்குப் படகில் வந்துதான் பஸ் பிடிக்கவேண்டும். நெடுந்தீவிலிருந்து கடலில் மட்டும் ஒரு மணி நேரம். அனலைதீவும் எழுவைதீவும் படகை நம்பியவைதான். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. படகு இல்லையென்றால் அன்றைக்கு நகரத்து வங்கியும் இல்லை!

“அரசாங்க உதவிதானே வாழ்க்கையை ஓட்டுகிறது, அதை ஊரிலேயே கொடுத்தால் என்ன?” என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டு இலங்கையில் தொடங்கிய அஸ்வெசும உதவித்தொகை பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போகிறது. இடைத்தரகர் கை படாமல் சேருகிறது, அது நன்மைதான். ஆனால் அதோடு ஒரு மாற்றமும் வந்தது. வங்கிக்குப் போகவேண்டிய தேவையே இல்லாதிருந்த ஏழைப் பெண்ணுக்கும் இப்போது வங்கி தேவை. வங்கி தேவைப்படுவோர் பெருகியிருக்கும் இந்தக் காலத்தில்தான், வங்கிக்கு வராதே என்ற காலமும் வந்து சேர்ந்திருக்கிறது.

“எதுக்கு உம்மா?”

தூரம் கூடினால் என்ன நடக்கும்? இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன பெண் மாதத்துக்கு ஒரு தடவை போவாள். பிறகு, “ஏன் நீங்கள் அலைய வேண்டும்? அட்டையைத் தாருங்கள், நான் எடுத்து வருகிறேன்” என்று ஒருவர் சொல்வார். மகனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார். அட்டை கைமாறும். நாலு இலக்க இரகசிய எண்ணும் ஒரு துண்டுக் கடதாசியில் கைமாறும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

“மகன், வரேக்க என்ட காசில ரெண்டாயிரம் எடுத்துக்கொண்டு வாறீங்களா?”

“எதுக்கு உம்மா?”

அவ்வளவுதான். மகன் கோபமாகக் கேட்கவில்லை. காசைத் தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சும்மா கேட்டான். ஆனாலும் அந்த ஒரு சொல்லோடு உம்மாவின் காசுக்கு ஒரு காவல்காரன் வந்துவிட்டான். இனி அவர் காரணம் சொல்லவேண்டும். கஷ்டப்படும் தங்கச்சிக்கு வெளியே தெரியாமல் கொடுக்க நினைத்தாரா? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் ஸதகா செய்ய நினைத்தாரா? மகள் வீட்டுக்குப் போகும்போது பேத்திக்கு ஒரு சட்டை வாங்க நினைத்தாரா? அல்லது யாரிடமும் சொல்லாமல் டொக்டரிடம் போய் நெஞ்சு வலியைக் காட்ட நினைத்தாரா? எல்லாவற்றுக்கும் முதலில் “எதுக்கு” என்ற வாசலைக் கடக்கவேண்டும். இரண்டு தடவை கேட்ட பெண், மூன்றாம் தடவை “பரவாயில்லை, வேண்டாம்” என்று விட்டுவிடுவாள்.

வங்கிக் கிளை மூடப்படுவதன் உண்மையான நஷ்டம் இதுதான் சகோதரிகளே! கட்டடம் போனால் இன்னொன்று கட்டலாம். பெண்ணின் காசிலிருந்து பெண்ணின் கை விலகிப் போனால் அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

நமது மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. மஹர் பெண்ணுக்குரியது. அவள் உழைத்தது அவளுக்குரியது. அவளுக்கு வந்த வாரிசுப் பங்கும் அவளுக்குரியது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் இதைச் சொல்லிப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. ஐரோப்பாவில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுத்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் என்று நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். நம் வீட்டு உம்மாவின் அட்டை யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை!

இரண்டு மணி நேரம்

“இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? காசை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் போகிறது” என்று சிலர் சொல்வார்கள். நம் குடும்பங்களில் நெடுங்காலமாக அப்படித்தான் நடந்தது. வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கம் போகாதவர்கள் உண்டு. காசு சேர்ந்தால் தங்கம். பெண்பிள்ளை பிறந்தால் இன்னும் தங்கம்.

அந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பதை வடபுலத்து முஸ்லிம்கள் அறிவார்கள்.

1990 ஆகஸ்டில் தீவுப்பகுதிக்குள் படையினர் இறங்கினார்கள். மண்கும்பான், அல்லைப்பிட்டி, மண்டைதீவுப் பக்கத்து மக்கள் பலர் வீட்டையும் வாசலையும் விட்டு ஓடினார்கள். பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் வீடு திரும்பவே இல்லை. பிறகு ஆண்டுக்கணக்கில் பண்ணைப் பாதை மூடிக் கிடந்தது. ஊரே வெளிக்கிட்ட இடத்தில் வங்கி யாருக்காக இயங்கும்?

அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் அது அக்டோபர் 30ஆம் தேதி நடந்தது. கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். கையில் கொண்டுபோக அனுமதித்தது மாற்று உடுப்பும், இடத்துக்கு இடம் மாறிய ஒரு சிறு தொகையும். நகரத்தில் அது 150 ரூபா என்ற அளவில் இருந்தது. மற்றக் காசு, நகை எல்லாவற்றையும் வழியிலே வாங்கிக்கொண்டார்கள். பெண்களின் காதுத் தோட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது ஒரு பிற்பகலில் போய்விட்டது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் அந்தக் குடும்பங்கள் வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்கின. 2009க்குப் பின் சிலர் திரும்பி வந்தார்கள். பலர் போன இடத்திலேயே வேரூன்றிவிட்டார்கள்.

அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் கணக்குச் சொல்லவேண்டிய நாள் இருக்கிறது. நாம் எடுக்கவேண்டிய பாடம் வேறு. வீட்டில் இருக்கும் காசையும் உடலில் இருக்கும் தங்கத்தையும் வாசலில் நிற்பவன் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். வங்கியேட்டில் உங்கள் பெயரில் இருக்கும் காசை வாசலில் வைத்துப் பறிக்க முடியாது. புத்தகம் எரிந்து போனாலும் கணக்கு எரிவதில்லை. யுத்தம் மட்டுமல்ல, திருடன், தீ, வெள்ளம், 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி எல்லாமே இந்தப் பாடத்தைத்தான் சொல்லித் தந்தன.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. அந்த நாட்களில் வங்கியில் கணக்கு வைத்திருந்து, புத்தகம் தொலைந்ததால் அப்படியே கைவிட்டவர்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். மௌத்தாகிவிட்ட வாப்பாவின் பெயரிலோ மூத்தம்மாவின் பெயரிலோ ஒரு பழைய கணக்கு இருக்கலாம். இலங்கையின் வங்கிச் சட்டப்படி பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புகள் கைவிடப்பட்ட சொத்தாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்குப் போகின்றன. ஆனாலும் உரியவரோ வாரிசோ உரிய சான்றுகளோடு அந்த வங்கியை அணுகி உரிமை கோரலாம். இந்தியாவிலும் இதே பத்து ஆண்டுக் கணக்குத்தான்; உரிமை கோராத வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் திறந்தது. பெரிய தொகையாக இருக்கும் என்று எண்ணவேண்டாம். சிறிதானாலும் அது ஓர் உழைப்பாளியின் அமானிதம். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

லண்டனிலும் இதே கதை

தீவுப்பகுதிப் பிள்ளைகள் பலர் இன்று பிரிட்டனில் இருக்கிறார்கள். “அங்கே எல்லாம் வசதிதானே” என்று நினைக்கிறோம். அங்கேதான் வங்கிக் கிளைகள் பெருமளவில் மூடப்பட்டிருக்கின்றன. 2015 ஜனவரி தொடங்கி 2024க்குள் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள்! எல்லாரும் போனில் செய்துகொள்கிறார்கள், கிளைக்கு ஆள் வருவதில்லை என்பது வங்கிகள் சொன்ன காரணம்.

எல்லாரும் என்றால் யார்? 2019இல் அங்கே வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை, காசே இல்லாத சமூகம் வந்தால் ஏறக்குறைய 80 லட்சம் பேர் சமாளிக்க முடியாமல் தவிப்பார்கள் என்று சொன்னது. முதியவர்கள், ஏழைகள், கண்பார்வை குறைந்தவர்கள், கிராமத்தார். வீட்டுக்குள் கணவனின் கெடுபிடியில் வாழும் பெண்களும் அதில் அடக்கம். கையில் நாலு காசு தனியாக இருந்தால்தானே அவள் வெளியே வரமுடியும்?

அங்கே மக்கள் சும்மா இருக்கவில்லை. பேசினார்கள், எழுதினார்கள், தங்கள் தொகுதி உறுப்பினரைக் கேட்டார்கள். 2021இல் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்ட் என்ற ஊரிலும் ஸ்கொட்லாந்தில் கேம்பஸ்லாங் என்ற ஊரிலும் பொது வங்கி நிலையங்களைப் பரீட்சார்த்தமாகத் திறந்தார்கள். ஒரே இடம், தபாலகத்தார் கருமபீடத்தை நடத்துவார்கள். எந்த வங்கியின் வாடிக்கையாளரும் காசு போடலாம், எடுக்கலாம். வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வங்கியின் ஊழியர் வந்து உட்காருவார். 2024 முடிவுக்குள் இத்தகைய நிலையங்கள் நூறாகிவிட்டன. 2023இல் சட்டமும் வந்தது. அதன்படி 2024 செப்டம்பர் முதல், ஓர் ஊரில் கிளையையோ ஏ.டி.எம்.மையோ மூடும்போது அங்குள்ள மக்கள் காசுக்கு எங்கே போவார்கள் என்று ஆராய்ந்து, குறை இருந்தால் மாற்று ஏற்பாடு செய்யவேண்டிய கடமை பெரிய வங்கிகளுக்கு உண்டு.

தீவு மக்களுக்கு இன்னொரு சுவையான செய்தி. ஸ்கொட்லாந்தின் வடக்கே ஓர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம். நம் தீவுப்பகுதியைப் போலவே சின்னச் சின்னத் தீவுகள். 1962இல் அங்கே ஒரு வங்கி என்ன செய்தது தெரியுமா? படகையே வங்கிக் கிளையாக்கித் தீவு தீவாக அனுப்பியது! நம் பக்கத்துக் கேரளத்திலும் 2004இல் கொச்சிக் காயலில் படகில் ஏ.டி.எம். வைத்தார்கள். மக்கள் வங்கிக்கு வரமுடியாவிட்டால் வங்கி மக்களிடம் போகலாம். மனமிருந்தால் வழியுண்டு.

எல்லாவற்றையும் போனுக்குள் வைக்கலாமா?

“காலம் மாறிவிட்டது, போனிலேயே பழகிக்கொள்ளுங்கள்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். பழகுங்கள், அதில் தவறே இல்லை. படகு ஏறும் பெண்ணுக்குப் போன் பெரிய உதவி. ஆனால் முழுக்க அதையே நம்பினால்?

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பொருளாதார நெருக்கடியில் இலங்கை நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. போனுக்கு சார்ஜ் இல்லாத வீட்டில் போனுக்குள் இருக்கும் காசை வைத்து என்ன செய்வது? பணக்கார நாடுகளுக்கும் இந்த நிலை வந்தது. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் திடீரென்று மின்சாரம் நின்றுவிட்டது. அட்டை இயந்திரங்கள் ஓய்ந்தன. பையில் தாள் காசு வைத்திருந்தவருக்கே ரொட்டியும் தண்ணீரும் கிடைத்தன.

அடுத்த மாதமே ஒல்லாந்தின் மத்திய வங்கி தன் மக்களுக்கு ஓர் ஆலோசனை சொன்னது. வீட்டில் பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, பிள்ளை ஒருவருக்கு 30 யூரோ வீதம் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாள் சமாளிக்கலாம் என்றது. நெடுந்தீவுக்கு ‘டெல்ஃப்ட்’ என்றும் வேலணைத் தீவுக்கு ‘லைடன்’ என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போன அதே ஒல்லாந்துதான்! நம் மூத்தம்மாமார் கொட்டைப்பெட்டிக்குள் செய்துவந்த காரியத்தை இன்று மத்திய வங்கியே செய்யச் சொல்கிறது.

ஆனால் கொட்டைப்பெட்டிக்கும் ஓர் அளவு உண்டு. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு இந்தியாவில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பெண்கள், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த சிறுவாட்டுப் பணத்தை அரிசிப் பானையிலிருந்தும் சேலை மடிப்பிலிருந்தும் எடுத்து வெளியே வைக்கவேண்டி வந்தது! தன் பெயரில் கணக்கு இல்லாத பெண், ஆணிடம் கொடுத்துத்தான் அதை வங்கியில் போட முடிந்தது. “இவ்வளவு காசு உனக்கு எது?” என்ற கேள்வியையும் கேட்கவேண்டி வந்தது.

ஆக, எல்லாக் காசையும் வீட்டில் வைத்தவர் 1990இல் இழந்தார், 2016இல் தலைகுனிந்தார். எல்லாக் காசையும் இயந்திரத்தை நம்பி வைத்தவர் மின்சாரம் போன நாளில் தவித்தார். இரண்டிலும் கொஞ்சம் வேண்டும். இரண்டின் சாவியும் உங்களிடம் வேண்டும்.

வட்டிக்கு அஞ்சுபவர்கள்

வட்டி வேண்டாம் என்பதற்காக வங்கியே வேண்டாம் என்று ஒதுங்கத் தேவையில்லை. வட்டியில்லாத நடைமுறைக் கணக்கு வங்கிகளில் உண்டு. 2005ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு இலங்கையில் இஸ்லாமிய முறை வங்கிச் சேவைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. முழுமையாக அந்த முறையில் இயங்கும் அமானா வங்கி 2011இல் தொடங்கியது. உங்களுக்கு எட்டக்கூடிய கிளையில் என்ன வசதி உண்டு என்று கேளுங்கள். ஏற்கெனவே உள்ள கணக்கில் வட்டி சேர்ந்திருந்தால் அதை என்ன செய்வது என்று நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்யுங்கள்

படித்து மூடிவிட்டால் பயனில்லை. ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

1. உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் ஒரு கணக்கு. கூட்டுக் கணக்கு இருந்தாலும் தனியாக ஒன்று இருக்கட்டும். இதில் கணவரை நம்பவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் வெளிநாட்டில் இருக்கலாம், நோயில் விழலாம். அப்போது குடும்பத்தைக் காப்பது இந்தக் கணக்குத்தான்.

2. அட்டையின் இரகசிய இலக்கம் உங்கள் மனதில் மட்டும். கடதாசியில் எழுதி அட்டையோடு வைக்காதீர்கள். ஏற்கெனவே பலருக்குத் தெரிந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். போனில் அழைத்து, “வங்கியிலிருந்து பேசுகிறோம், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்பவன் கள்ளன். எந்த வங்கியும் அப்படிக் கேட்பதில்லை.

3. பிள்ளையை அனுப்பாதீர்கள், பிள்ளையோடு போங்கள். மகன் பக்கத்தில் நின்று கற்றுத் தரட்டும், பொத்தானை நீங்கள் அழுத்துங்கள். மூன்று தடவை செய்தால் நாலாம் தடவை தனியே வரும். குர்ஆன் ஓதப் பழகிய நமக்குப் பத்து இலக்கங்கள் பெரிதா?

4. தபாலகத்தை மறக்காதீர்கள். இலங்கையில் 1885இல் தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கி 1972இல் தேசிய சேமிப்பு வங்கியோடு இணைந்தது. அந்தக் கணக்கில் தபாலகங்களிலும் உப தபாலகங்களிலும் காசு போட்டெடுக்க வழியுண்டு. வங்கி இல்லாத ஊரிலும் தபாற்கந்தோர் இருக்கும். தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்கு 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சல் வங்கி இருக்கிறது. விரல்ரேகை வைத்தால் தபால்காரரே வாசலில் பணம் தருவார்.

5. அவசரக் காசு வீட்டில் இருக்கட்டும். ஒரு வாரச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போதுமானது. பெரிய தாளாக வைக்காமல் நூறும் ஐந்நூறுமாக வையுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் கடைக்காரரிடம் மிச்சக் காசு இருக்காது. அதற்கு மேல் உள்ளது வங்கிக்குப் போகட்டும்.

6. எழுதி வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது (2:282). சீட்டுப் பிடிப்பதானாலும், அடுத்த வீட்டில் நகையை ஒப்படைப்பதானாலும், தம்பிக்குக் கைமாற்றுக் கொடுப்பதானாலும் தேதியும் தொகையும் எழுதுங்கள். எழுதக் கேட்டால் உறவு முறியும் என்பார்கள். எழுதாததால் முறிந்த உறவுகளே ஊரில் அதிகம்.

7. ஆவணங்களுக்குப் பிரதி. அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், காணி உறுதி, பிறப்பு, விவாகப் பதிவு. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு ஊரில் நம்பிக்கையான உறவினரிடம். 1990இல் ஆவணமும் இல்லாமல் போனவர்கள், தாங்கள் யார் என்று நிரூபிக்கவே ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.

8. உங்களுக்குப் பின் யார்? கணக்குக்கு ஒருவர் பெயரை வங்கியில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் அலைவார்கள். ஆனால் காசைப் பெற்றுக்கொள்பவர் அதைத் தனக்கே வைத்துக்கொள்ளாமல் எல்லா வாரிசுகளுக்கும் மார்க்கப்படி பங்கிடவேண்டும் என்பதை இப்போதே வீட்டில் சொல்லிவையுங்கள்.

ஊராகச் சேர்ந்து கேளுங்கள்

எட்டையும் ஒரு பெண் தனியாகச் செய்யலாம். ஒன்பதாவது ஒன்று இருக்கிறது. அதற்கு ஊர் வேண்டும்.

உங்கள் ஊர்க் கிளையை மூடப்போவதாகப் பேச்சு வந்தால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். என் கணக்கு எந்தக் கிளைக்குப் போகிறது? அங்கே போக எத்தனை பஸ்? நடக்க முடியாதவருக்கு என்ன ஏற்பாடு? மாதத்தில் ஒரு நாளாவது ஊழியர் ஒருவர் ஊருக்கு வருவாரா? இவற்றை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பத்துப் பெண்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதத்துக்கு, தனியே போய் நின்ற ஒருவரின் முறைப்பாட்டைவிட மதிப்பு அதிகம். பள்ளிவாசல் நிர்வாகமும், மாதர் சங்கமும், கோயில் சபையும், கூட்டுறவுச் சங்கமும் ஒன்றாகக் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. தூரம் எல்லா மதத்தாருக்கும் ஒரே தூரம்தான். வங்கி சரியான பதில் தராவிட்டால் மத்திய வங்கியில் நுகர்வோர் முறைப்பாடுகளைக் கேட்பதற்கென்றே ஒரு திணைக்களம் உண்டு.

பிரிட்டனில் வங்கிகள் தாமாக மனமிரங்கிப் பொது நிலையங்களைத் திறக்கவில்லை. மக்கள் கேட்டார்கள், சட்டம் கட்டளையிட்டது. கேட்காத ஊருக்கு எதுவும் வருவதில்லை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். இன்று அஸருக்குள் உங்களுக்கு ஐயாயிரம் ரூபா வேண்டும். உங்கள் கையாலேயே எடுக்க முடியுமா?

முடியாது என்றிருந்தால் நாளைக் காலை அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மகன் சிரித்துக்கொண்டே “எதுக்கு உம்மா?” என்று கேட்பான். நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்:

“அது என்ட காசு மகன். எடுக்கப் பழகப் போறன். நீங்களும் கூட வாங்கோ.”